நான் பாராட்டிய ஆய்வேட்டை நானே கிழித்தது

1996 ஆகஸ்ட் 17, சனிக்கிழமை, காலை 10.40. முந்தின இரவு பெய்த மழையின் மேல் வெயில் ஏறி, மயிலாப்பூரே இட்லிப் பானைக்குள் உட்கார்ந்ததுபோல் புழுங்கியது. அந்த நேரத்தில் ஒரு கல்லூரியின் மாடிக் கூடத்தில், 43 பேர் முன்னிலையில் (வருகைத் தாளில் எண்ணிப் பார்த்தேன்), என் வாழ்நாளின் மிகப் பெரிய முட்டாள்தனத்தைச் செய்ய எழுந்து நின்றேன்.

அப்போது எனக்கு வயது 49. தமிழ்ப் பேராசிரியர், சிறுபத்திரிகை விமர்சகர், பின்நவீனத்துவத்தின் பரம விரோதி. அந்தக் காலத்தில் எங்கள் துறைகளில் யாரும் கதை படிக்கவில்லை, பிரதியைக் கட்டுடைத்தார்கள். ஆசிரியன் செத்துவிட்டான் என்றார்கள். (சொன்ன ஒவ்வொருவரும் தன் கட்டுரைக்கு மேல் தன் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டுக்கொண்டார்.) உண்மை என்று ஒன்று கிடையாது, ஆளுக்கொரு கதையாடல்தான் என்றார்கள். இதை எதிர்த்து 17 கட்டுரைகள் எழுதியிருந்தேன். என் வாதம் எளிது. உண்மையே இல்லையென்றால், நடந்த அநியாயத்தை நடக்கவில்லை என்று சாதிப்பவனை எதை வைத்து மடக்குவாய்? எழுதியவன் எழுதியதற்குப் பொறுப்பு.

பொறுப்பைப் பற்றி இப்படிப் பேசிய மகானாகிய நான், அந்த ஆண்டு பிப்ரவரியில் ஒரு ஆய்வேட்டுக்கு வெளித்தேர்வாளராக மதிப்பீட்டு அறிக்கை அனுப்பினேன். ஆய்வேடு வந்த பார்சலைப் பிரிக்காமலே அனுப்பினேன். என்னிடம் ஒரு நிரந்தர அறிக்கை இருந்தது. பெயரையும் தலைப்பையும் மாற்றினால் போதும், 20 நிமிட வேலை. ‘பட்டம் வழங்கப் பரிந்துரைக்கிறேன்’ என்று கையெழுத்திட்டேன்.

வாய்மொழித் தேர்வுக்கு மூன்று நாள் முன்னால்தான் பார்சலைப் பிரித்தேன். உடன்வந்த கடிதத்தைப் பார்த்து, கவனிக்காமலே நான் அறிக்கையில் நிரப்பியிருந்த தலைப்பு: ‘சிதறும் பிரதி, நழுவும் குறிப்பான்: தமிழ்ச் சிறுகதையில் மையமழிப்பு’. 312 பக்கங்கள். ‘மையம்’ என்ற சொல் 219 முறை. 94 சொற்களில் ஒரே வாக்கியம். எனக்கு ரத்தம் கொதித்தது. பாராட்டி எழுதியாகிவிட்டதே? பரவாயில்லை, கூடத்தில் அறிக்கையின் கடைசி வரியைத்தான் வாசிப்பது வழக்கம். நேரில் கிழித்துவிடலாம் என்று போனேன்.

படியேறும்போது ஆய்வு நெறியாளர் காதோரம் சொன்னார்: “சார், தீசிஸ் எழுதின பொண்ணு பிலோமினா ஆறு வருஷமா டெம்பரரி போஸ்ட்ல இருக்கு. இன்னிக்கு முடிஞ்சாத்தான் திங்கக்கிழமை பர்மனென்ட் பண்ணுவாங்க.”

“கொள்கைன்னு ஒண்ணு இருக்கு சார்” என்றேன். (அடித்திருக்கலாம் அவர்.)

கடைசி வரியை வாசித்தார்கள். பிலோமினா பேசி முடித்தாள். நான் எழுந்து 35 நிமிடம் கிழித்தேன். “இது ஆய்வல்ல, புகைமூட்டம். ஒரு வாக்கியமாவது மனிதருக்குப் புரியுமா? மறுபடி எழுதி வரட்டும்!” அவள் முகம் வெளுத்தது.

மூன்றாம் வரிசையில் ஒருவர் எழுந்தார். பிலோமினாவின் அப்பா, சிந்தாதிரிப்பேட்டையில் பைண்டிங் கடை வைத்திருப்பவர்.

“சார், எனக்கு ஒண்ணும் புரியல. நல்லா கீதுன்னு எழுதிக் கொடுத்ததும் நீங்க, இப்ப வேஸ்ட்டுன்றதும் நீங்க. லெட்டர்ல இன்னாதான் எழுதினீங்க? முழுசாப் படிக்கச் சொல்லுங்க.”

நெறியாளர் காத்திருந்தவர்போல் கோப்பைத் திறந்து, நிறுத்தி நிதானமாக வாசித்தார். “ஆய்வாளரின் நடை எளிமையும் தெளிவும் மிக்கது. ஒவ்வொரு பக்கத்தையும் வரிவிடாமல் வாசித்து மகிழ்ந்தேன். சங்கப் பாடல்களில் காணப்படும் பறவைகளை இவர் வகைப்படுத்தியிருக்கும் விதம் போற்றத்தக்கது.”

பறவைகள் போன வருஷத்து ஆய்வேடு. எடுக்க மறந்துவிட்டேன்.

42 பேர் சிரித்தார்கள். சிரிக்காதவள் பிலோமினா மட்டும். ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தாள்.

“சார், எழுதினவரோட நோக்கத்தை வச்சுப் பிரதிக்கு அர்த்தம் தேட முடியாதுன்னு நாலாவது அத்தியாயத்துல சொல்லியிருக்கேன். உங்க அறிக்கையை உதாரணமாச் சேர்த்துக்கலாமா? இல்ல, எழுதினவர்தான் பொறுப்புன்னா, நீங்க எழுதினதுக்கு நீங்களே பொறுப்பு. ரெண்டுல எதுன்னு சொல்லுங்க சார்.”

எந்தப் பக்கம் போனாலும் சுவர். முதலாவதை ஒப்புக்கொண்டால் என் 17 கட்டுரைகள் போச்சு. இரண்டாவதைச் சொன்னால் பட்டம் கொடுத்தாக வேண்டும்.

“நான்தான் பொறுப்பு” என்றேன், எனக்கே கேட்காத குரலில். “படிக்காம எழுதிட்டேன். அதுக்கு அந்தப் பொண்ணைத் தண்டிக்க முடியாது.” பரிந்துரைத் தாளில் 11.52க்குக் கையெழுத்திட்டேன்.

திங்கட்கிழமை அவளுக்கு வேலை நிரந்தரமானது. தியாகராய நகரில் என் வீட்டுக்கோ, சனிக்கிழமையே பறவைச் செய்தி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. இன்றைக்கும் காஸ் புத்தகமோ, கூரியரோ, நான் பேனாவை எடுத்தால் போதும், மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்: “பறவை ஏதாவது இருக்கான்னு பார்த்துண்டு கையெழுத்துப் போடுங்கோ!” பேரன்கள்வரை பரவிவிட்டது.

பின்நவீனத்துவம் பற்றிய என் கருத்து அரை அங்குலமும் நகரவில்லை. அது அன்றும் புகைமூட்டம்தான், இன்றும் அதுதான். ஆனால் பிலோமினா பிற்பாடு தானே நெறியாளராகி, தன் மாணவர்கள் எழுதிய ஒவ்வொரு ஆய்வேட்டையும் எனக்கே அனுப்பச் செய்தாள். ஏன் என்று ஒருமுறை தொலைபேசியில் கத்தினேன்.

“தமிழ்நாட்டுல முழுசாப் படிக்கிற ஒரே தேர்வாளர் நீங்கதான் சார்” என்றாள், பரம சாதுவாக.

உண்மைதான். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு ஒரு வரி விடும் தைரியம் எனக்கு வரவில்லை. ஓய்வுபெறும்வரை 11 ஆய்வேடுகள், அடிக்குறிப்புகள் உட்பட மொத்தம் 3,740 பக்கங்கள்.