செய்வினைப் பேன்

வத்தேகமவுக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்தில் பேன்கள் சாக மறுத்தன. இந்தச் செய்தி மலையிறங்கி, பஸ் ஏறி, கெலிஓயா வரை போய்ச் சேர்ந்தது. மருந்துக் கடையில் வாங்கிய பேன் ஷாம்பூவில் அவை ஆனந்தமாக நீராடின. நீராடிவிட்டு, விட்ட இடத்திலிருந்து கடியைத் தொடர்ந்தன. சாதாரணப் பேனுக்கு இத்தனை துணிச்சல் வருமா? வராது. ஆகவே, அவை செய்வினைப் பேன்கள். இந்த மாபெரும் உண்மையை உலகுக்கு அளித்தவர் கேசமுக்தி சுவாமிகள்.

சுவாமிகள் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் முகாமிட்டு மூன்று வாரங்கள் ஆகியிருந்தன. பிலிமத்தலாவையிலிருந்தெல்லாம் வான் பிடித்து வந்தார்கள். வரிசையில் நின்று ஒரே தாளத்தில் தலையைச் சொறிந்த அந்தக் கூட்டத்தைத் தூரத்திலிருந்து பார்த்தவர்கள் ஏதோ நடன ஒத்திகை என்று நினைத்தார்கள்.

சோதனை எளிமையானது. வெள்ளைப் பீங்கான் தட்டில் சுவாமிகள் ஷாம்பூவை ஊற்றுவார். பக்தையின் நெற்றியோடு தம் நெற்றியை ஒட்டவைத்து, செய்வினையின் குரலைக் கேட்பார். பின்பு அவள் தலைப்பேன் ஒன்றைத் தட்டில் விடுவார். சாதாரணப் பேன் என்றால் சாகும். செய்வினைப் பேன் என்றால் நடக்கும். நடந்தது. எல்லோருடைய பேனும் நடந்தது. பரிகாரம் மொட்டை, முடி மகாவலி ஆற்றுக்குக் காணிக்கை. முழ நீளத்துக்குக் குறைந்த முடிக்கு மட்டும் திருநீறே போதுமாக இருந்தது. செய்வினைக்கும் நீண்ட கூந்தல்தான் பிடிக்கும் போலும்.

சிந்துஜாவின் கூந்தல் இடுப்பைத் தாண்டியது. திங்கட்கிழமை கண்டியில் ஒரு ஹோட்டலின் வரவேற்புப் பகுதியில் அவள் வேலைக்குச் சேர வேண்டும். அவளுடைய தாய் மூக்காயியோ, சனிக்கிழமை மொட்டைக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

"மொட்டத் தலையோட ஹோட்டல்ல எப்படிம்மா நிக்கிறது?"

"முடி மொளைக்கும்டி. செய்வினையோட போனா அந்த ஹோட்டலே இடிஞ்சு விழுந்துரும்."

வெள்ளிக்கிழமை சிந்துஜா டவுனுக்கு ஓடினாள். அவளோடு படித்த பாயிஸா அங்கே மருந்துக் கடையில் வேலை செய்தாள்.

"பாயிஸா, மருந்துல நடந்து போற பேன் இருக்குமா?"

"ஏன் இல்லாம? ஒரு போத்தல எத்தின வீட்டுக்குப் பாவிப்பீங்க?"

"எங்க லயத்து வரிசையில பன்னெண்டு வீட்டுக்கும். தண்ணி கலந்துதான்."

"எத்தின வருஷமா?"

"நான் நாலாம் வகுப்புப் படிச்சதுலேருந்து."

பாயிஸா விழுந்து விழுந்து சிரித்தாள். "நோஞ்சான் பேனெல்லாம் செத்துட்டு. மருந்தத் தாங்கினது மட்டும் தப்பிச்சு ஈர் வச்சீக்கி. அதுட புள்ளைகளுக்கும் அதே வலு. பத்துப் பதினஞ்சு வருஷமா பாத்துப் பாத்து வளத்தது நீங்கதான் புள்ள!"

"அப்ப செய்வினை?"

"இந்தப் பேன் செய்வினை உள்ள தலையிலயும் சாகாது, இல்லாத தலையிலயும் சாகாது. வேணுமெண்டா சோதிச்சுப் பாரு." ஒரு பேன்சீப்பை எடுத்து நீட்டினாள். "எண்ணெயப் பூசி ரெண்டு கெழம ஒருநாளும் விடாம இழு. இதுக்குத் தாங்குற பேன் இன்னம் பொறக்கல்ல."

செய்வினை இல்லாத தலைக்கு எங்கே போவது? பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் சிந்துஜா அதையே யோசித்தாள்.

மறுநாள் மண்டபத்தில் அவளுடைய பேன் தட்டில் கம்பீரமாக நடந்தது. முடி வெட்டும் சின்னமுத்து சவரக் கத்தியைத் திறந்தார். சிந்துஜா கூந்தலை இறுகப் பற்றிக்கொண்டாள்.

"சாமி, ஒரு சந்தேகம். செய்வினை இல்லாதவங்க பேனு இந்த மருந்துல செத்துருமா?"

"நொடியில சாகும் மகளே!"

"உங்களுக்கு யாராச்சும் செய்வினை வைக்க முடியுமா?"

"எமக்கா? பதினாறு வருஷத் தவத்துல வளந்த சடை இது! கெட்டது எதுவும் கிட்ட நெருங்காது."

"அப்ப சரி" என்ற சிந்துஜா, சீப்பை எடுத்து அவருடைய நெற்றி முடியில் ஒரே இழுப்பாக இழுத்தாள். மூன்று வாரங்களாக ஊரார் நெற்றியோடெல்லாம் முட்டிய தலை அல்லவா? மூன்று பேன்கள் தட்டில் விழுந்தன. மூன்றும் நடந்தன. ஒன்று விளிம்பில் ஏறி நின்று கூட்டத்தைப் பார்வையிட்டது.

இந்த இடத்தில் கூட்டம் சிந்திக்கத் தொடங்கியிருக்கும் என்று நினைப்பவர்கள் கூட்டத்தை அறியாதவர்கள். அது பக்தியால் பதறியது.

"ஐயோ, சாமிக்கே வச்சுட்டானுங்களே பாவிங்க!" என்று மூக்காயி மார்பில் அடித்துக்கொண்டாள். "சின்னமுத்தண்ணே, என்னா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? மொதல்ல சாமிக்குச் செரைங்க!"

நான்கு பேர் அன்போடு கைகால்களைப் பிடித்துக்கொண்டார்கள். "அரோகரா!" என்று மண்டபம் அதிர்ந்தது. முதற்சடை தரையில் விழுந்தது.

"யோவ், விடுங்கய்யா!" சுவாமிகள் துள்ளினார். "செய்வினையும் இல்ல, மண்ணும் இல்ல! வெறும் பேனுய்யா! உங்க பேனுதான் என் தலையில ஏறிருச்சு!"

கத்தி நின்றது. அரோகராவும் நின்றது.

"அப்ப எம் மகளுக்கு?" என்று மூக்காயி மெதுவாகக் கேட்டாள்.

"அவளுக்கும் வெறும் பேனுதான்!"

"மகாவலில விட்ட முடி?"

சுவாமிகளின் கண்கள் மண்டப மூலையில் தொங்கிய திரைப் பக்கம் ஓடித் திரும்பின. சிந்துஜா திரையை விலக்கினாள். நைலோன் பையில் ஊர்ப் பெண்களின் கூந்தல்கள் நீளவாரியாகப் பிரிக்கப்பட்டு, ரப்பர் வளையம் மாட்டப்பட்டு, விற்பனைக்குத் தயாராக இருந்தன. மகாவலி அளவு பார்த்து முடி வாங்குகிறது என்பது அதுவரை எவருக்கும் தெரியாது.

"அண்ணே," என்றாள் முன்வரிசையில் நின்ற மொட்டைத் தலை இரத்தினம்மா, "பாதியில நிறுத்துனா நல்லா இருக்காது. முடிச்சிருங்க."

சின்னமுத்து தொழிலில் நேர்மையானவர், முடித்தார். பளபளக்கும் தலையோடு சுவாமிகள் பஸ் ஏறினார். அன்று மாலை மூக்காயி ஒரு போத்தல் தேங்காய் எண்ணெயோடு மகளைப் பிடித்து உட்காரவைத்து, சீப்பு தேயத் தேய வாரினாள். திங்கட்கிழமை சிந்துஜா பின்னல் இடுப்பில் புரள வேலைக்குப் போனாள்.

அந்த வாரக் கடைசியிலேயே, பல்லி விழுந்த பலனைப் பரிகாரத்தோடு சொல்லும் ஒருவர் அதே மண்டபத்தைக் கேட்டு ஆளனுப்பினார். எத்தனை பேர் வருவார்கள் என்று விசாரிக்கவும் இல்லை. அவ்வளவு நம்பிக்கை நம்மீது. பேனின் குலமே பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மாறிக் காட்டிவிட்டது. கண்டவர் முன்னாலெல்லாம் தலையைக் குனிந்து கொடுக்கும் குலம், அத்தலைக்குள் இருப்பதைப் பயன்படுத்த இன்னும் எத்தனை தலைமுறை கேட்கும்?