அவியுது அண்ணை

உலகத்திலேயே கொம்பியூட்டரை ஐஸ் போட்டுப் பாதுகாத்த ஒரே மனிதர் எங்கள் அவியுது அண்ணைதான். வேறு யாராவது இருந்தால் எழுதி அனுப்புங்கள். நம்பமாட்டேன்.

மன்னார் ரவுனில் படகு எஞ்சின் சாமான் விற்கிற ஒரு ஹாஜியாருக்குத் திடீரென்று நவீன காலம் பிடித்துக்கொண்டது. கடைக்கு மேல்மாடியில் ஒரு கம்பனி திறந்தார். மீன்பிடி வள்ளங்களில் பூட்டுகிற சின்னப் பெட்டி ஒன்று செய்வதுதான் தொழில். வள்ளம் எங்கே நிற்கிறது என்று பெட்டி கரைக்கு அறிவிக்கும். கடல் எல்லை தாண்டப் போனால் சின்னத் திரையில் எச்சரிக்கும். அந்த எச்சரிக்கைகளைத் தமிழில் எழுதுவதும், வருகிற போனுக்குப் பதில் சொல்வதும் என் வேலை. சுருக்கமாகச் சொன்னால், திட்டு வாங்குவது. பெட்டிக்குள் உயிர் வைப்பது அண்ணையின் வேலை.

அந்த உயிரைக் கடையில் வாங்கலாம். ஆயத்தமாகக் கிடைக்கிற இயங்குதளம் ஒன்றை ஏற்றிவிட்டால் மத்தியானத்துக்குள் வீட்டுக்குப் போகலாம். அண்ணைக்கு அது மானப் பிரச்சினை. அவரிடம் ஒரு மென்பொருள் இருந்தது. பெட்டிக்கு எதெது வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால், அது மூல நிரலிலிருந்தே ஒவ்வொன்றாக இறக்கி, கட்டி, அடுக்கி, அந்தப் பெட்டிக்கென்றே ஒரு இயங்குதளத்தைத் தரும். எழுதிக் கொடுக்கிற குறிப்புகளுக்கு அந்த உலகத்தில் சமையல் குறிப்பு என்றுதான் பெயராம். ஆகவே எது கேட்டாலும் அண்ணையிடம் ஒரே பதில்தான்.

"தம்பி, முடிஞ்சுதோ?" என்று கீழேயிருந்து ஹாஜியார் கத்துவார்.

"அவியுது, ஹாஜியார்!"

காலையில் அவியும். பின்னேரமும் அவியும். ஒரு எழுத்தை மாற்றினாலும் பழையதையெல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து அவிப்பார். மாறின பகுதியை மட்டும் கட்டினால் போதாதா என்று கேட்டேன்.

"நேற்றைய சோத்திலை இண்டைக்குப் புரியாணி போடுவியளோ, பிள்ளை?" என்றார். நாங்கள் வீட்டில் அதையேதான் செய்கிறோம் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

மன்னார் வெயிலில் தகரக் கூரையின் கீழ் ஒரு பழைய கொம்பியூட்டர் நாள் முழுக்க அவிந்தால் என்ன ஆகும்? அதுவும் அவிந்தது. ஒரு நாள் அண்ணை மீன்வாடியிலிருந்து ஐஸ் பெட்டி ஒன்றைத் தூக்கி வந்து, பின்னால் ஒரு காற்றாடியைப் பூட்டி, கொம்பியூட்டரின் முகத்துக்கு நேரே வைத்தார். சூடு இறங்கியது உண்மை. ஆனால் அந்தப் பெட்டியில் முதல் நாள் வரை சூடை மீன் இருந்திருக்கிறது. ரவுனில் உள்ள பூனைகள் எல்லாம் எங்கள் கம்பனியில் வேலை கேட்டு வரத் தொடங்கின.

அவருடைய இரண்டாவது வியாதி கழட்டுவது. "வள்ளத்திலை பிரிண்டர் இருக்கோ? இல்லை. அப்ப அது எதுக்கு? கழட்டு." இப்படி இயங்குதளத்தில் உள்ளதையெல்லாம் கழட்டிக்கொண்டே போவார். கழட்டக் கழட்ட, கரண்ட் வந்ததும் பெட்டி கெதியாக எழும்பி வேலை தொடங்குமாம். அந்தச் சுகம் பழகி, எங்கள் கந்தோர் அறையையும் கழட்டத் தொடங்கினார். சுவர் மணிக்கூடு போனது. "எல்லாற்றை கையிலையும் போன் இருக்குத்தானே?" வருகிறவர்களுக்கென்று கிடந்த கதிரை கீழே போனது. "ஆர் வாறாங்கள்?" பிறகு என்னையும் ஒருமாதிரிப் பார்த்தார். நான் சட்டென்று போனை எடுத்து "ஹலோ" என்றேன். மறுமுனையில் யாரும் இல்லை.

பெட்டியைக் காட்டுவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசை முடிந்த கையோடு மீனவர் ஊரான பேசாலைக்குப் போனோம். மீனவர் சங்க மண்டபம் நிறையச் சனம். ஹாஜியார் புதுச் சேர்ட்டில் நின்று நீளமாக ஒரு பேச்சுப் பேசினார். அண்ணை பெட்டியைப் போட்டார். கண் வெட்டுவதற்குள் எழும்பியது. திரை முழுக்க, எழுத்து வரவேண்டிய இடத்தில், சதுரம் சதுரமாகச் சின்னக் கட்டங்கள். வேறு ஒன்றும் இல்லை.

முன்வரிசையில் இருந்த ஒரு பெரிய சம்மாட்டியார், பல வள்ளங்களுக்குச் சொந்தக்காரர், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்ட வந்து பார்த்தார்.

"வலைக்கண் வடிவா விழுந்திருக்குத் தம்பி. மற்றும்படி இது என்ன செய்யும்?"

மண்டபம் சிரித்து முடிய வெகுநேரம் பிடித்தது.

திரும்பி வரும்போது வான் வண்டிக்குள் ஹாஜியார் கேட்டார். "தமிழ் எழுத்து எங்கை?"

"கழட்டிட்டன்."

"ஏன்?"

"பெரிய இடம் பிடிச்சுக்கொண்டு கிடந்தது, ஹாஜியார்."

நான் மாதக்கணக்காகச் சொல் சொல்லாகப் பார்த்து எழுதிய தமிழ். அன்று நான் அண்ணையோடு கதைக்கவில்லை. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை.

அடுத்த நாளே ஹாஜியார் தீர்ப்புச் சொன்னார். "கொழும்பிலை ஆயத்தமா விக்குதாம். அதையே வாங்கி ஏத்துவம்."

"அது எழும்புறதுக்குள்ளை ஒரு தேத்தண்ணி குடிச்சு முடிக்கலாம்" என்றார் அண்ணை.

"குடிப்பம். எனக்கென்ன அவசரம்?"

"உங்களுக்கில்லை. கடலிலை நிக்கிறவனுக்கு."

கடைசியில், தமிழைத் திருப்பிப் போட்டுச் சில வள்ளங்களில் பூட்டிப் பார்ப்பது, சரிவராவிட்டால் அண்ணையையே கழட்டுவது என்று முடிவானது. வலைக்கண் சொன்ன சம்மாட்டியார் தன் மகன்மாரின் வள்ளத்திலும் ஒன்றைப் பூட்ட விட்டார். இரக்கப்பட்டுத்தான் என்று நினைக்கிறேன்.

வாடைக்காற்று பலத்த ஒரு காலையில் அந்த வள்ளம் கரைக்கு வரவில்லை. சம்மாட்டியார் மாடிப்படி ஏறி வந்தார். இருக்கச் சொல்லக் கதிரை இல்லை. அண்ணை எழும்பித் தன் கதிரையைக் கொடுத்துவிட்டு நின்றார்.

கொம்பியூட்டரில் உள்ள கடல் வரைபடத்தில் அந்த வள்ளத்தின் புள்ளி தெரிந்தது. மறைந்தது. கொஞ்சம் தள்ளித் தெரிந்தது. மறுபடி மறைந்தது.

"என்ன தம்பி இது, செத்துச் செத்து வருது?" சம்மாட்டியார் திரையில் விரலை வைத்துக் கேட்டார்.

"பற்றரி வயர் ஆடுது ஐயா. கரண்ட் போகப் போகப் பெட்டி அணையுது. வந்த உடனை எழும்பி இடத்தைச் சொல்லுது. பயப்பிடாதேங்கோ, அது எழும்பும்."

ஆயத்தமாக வாங்கியதாக இருந்திருந்தால், எழும்பி முடிப்பதற்குள் அடுத்த அலைக்குத் திரும்ப அணைந்திருக்கும். அதை அண்ணை சொல்லவில்லை. சொல்லிக்காட்ட இப்படி ஒரு சந்தர்ப்பம் கிடைத்தும் அவர் வாயைத் திறக்காதது அன்று ஒருநாள்தான்.

புள்ளி விழுந்த இடங்களைச் சம்மாட்டியார் போனில் சொல்லச் சொல்ல, பேசாலையிலிருந்து இரண்டு வள்ளங்கள் போயின. மத்தியானம் பெடியன்கள் கரையேறினார்கள். எஞ்சின் பழுதாகி, இழுபட்டு எல்லைக்குக் கிட்டப் போயிருந்தார்கள். நாங்கள் கரைக்கு ஓடினோம். தாய் அழுகிறார், ஹாஜியார் அல்ஹம்துலில்லாஹ் சொல்கிறார், அண்ணை மூத்தவனைப் பிடித்து விசாரணை நடத்துகிறார்.

"வயர் கழண்டு திரும்பத் தொட்ட உடனை எழும்பினதோ?"

"ஓம் அண்ணை. தம்பிதான் வயரைக் கையாலை பிடிச்சுக்கொண்டிருந்தவன். ஒவ்வொரு அலைக்கும் விட்டிட்டான்."

"ஸ்கிரீனிலை என்ன கிடந்தது?"

"'நீங்கள் நிற்கும் இடம் கரைக்குத் தெரியும்' எண்டு கிடந்தது. அதைத்தான் ரெண்டு பேரும் மாறி மாறி வாசிச்சுக்கொண்டிருந்தனாங்கள்."

அது நான் எழுதிய வரி. அண்ணை என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, அந்த வரியை ஒருத்தரும் கழட்டப்படாது" என்றார். யாரோ நீட்டிய தேத்தண்ணிக் கோப்பையை வாங்கினார். அதை அப்படியே வயர் பிடித்த தம்பியின் கையில் கொடுத்தார்.

அந்தக் கதை பரவி, கேட்டவர்களுக்கெல்லாம் பெட்டி செய்தோம். அதன் பிறகு கொழும்பில் ஒரு பெரிய கம்பனி அண்ணையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. மேல்மாடியில் இப்போது ஏசி பூட்டியிருக்கிறது. புதுக் கொம்பியூட்டரும் வந்திருக்கிறது. அவருடைய குறிப்புகளை வைத்து நானே எல்லாம் கட்டுகிறேன். மாறின பகுதியை மட்டும்தான். தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்துவிடுகிறது. முடிந்த பிறகு யாரோடு சண்டை பிடிப்பது என்றுதான் தெரியவில்லை.