ஒன்றாம் வகுப்பில் ஓநாய்

"ஆடு மேய்க்கிற பையன் 'ஓநாய், ஓநாய்'னு அவ்வளவு கத்தியும் யாருமே ஏன் ஓடி வரல?" என்று கேட்டாள் டீச்சர்.

"அவன் பொய் சொன்னான் டீச்சர்!" வகுப்பே கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்தியது.

"பொய் சொன்னா என்ன ஆகும்?"

"ஓநாய் தின்னுடும்!"

ஓநாய் ஆடுகளைத்தான் தின்றது, பையனை அல்ல என்று திருத்தப் போனவள், கொஞ்சம் பயம் இருக்கட்டுமே என்று விட்டுவிட்டாள். 'படம்', 'பட்டம்' என்று எழுதிப் போட்டால் கொட்டாவி விடுகிற பிள்ளைகள். 'ஓநாய்' என்று எழுதினால் மட்டும் நான் முந்தி, நீ முந்தி என்று எழுத்துக் கூட்டினார்கள். அதனால்தான் ஒன்றாம் வகுப்புக்கு அவள் மிருகக் கதைகளாகவே சொல்லிக்கொண்டிருந்தாள்.

முன்வரிசையில் கிளி எழுந்து நின்றாள். வாய் ஓயாததால் வகுப்பு வைத்த பெயர் அது. முன்பற்கள் விழுந்த சந்து வழியாகப் பாதிப் பேச்சு காற்றாகத்தான் வரும்.

"டீச்சர், நான் உங்களைப் பார்த்தேன்."

"எப்ப கண்ணு?"

"உங்களுக்குக் காய்ச்சல்னு சொன்னாங்களே, அன்னிக்கு."

டீச்சரின் கையிலிருந்த சாக்பீஸ் ஒடிந்து விழுந்தது.

காய்ச்சல்! போன வாரம் காலையில் பேருந்துக்குக் காத்திருந்தபோது எதிர்ச்சுவரில் ஒரு சினிமா போஸ்டரைப் பார்த்தாள். முந்தின நாள்தான் வகுப்பில் ஒருவன் அவள் மடியில் வாந்தி எடுத்திருந்தான். இன்னொருத்தி காதுக்குள் அழி ரப்பரைத் திணித்துக்கொண்டிருந்தாள். என்ன நினைத்தாளோ, தலைமையாசிரியைக்கு போன் போட்டு, இருமாத தொண்டையைக் கஷ்டப்பட்டு இருமவைத்து, "காய்ச்சல் மேடம்" என்றாள். பிறகு தன்னந்தனியாக மதியக் காட்சிக்குப் போனாள். சாயங்காலம் சிரித்த முகத்தோடு வெளியே வந்தபோது தெருவெல்லாம் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள்.

'எங்கே பார்த்தே?' என்று கேட்டிருக்கலாம். கேட்டால் 'சினிமா தியேட்டர் வாசல்ல' என்று இந்தக் குட்டி போட்டு உடைத்துவிடும். அதுவும் பொய் சொன்னவனை ஓநாயிடம் ஒப்படைத்த கையோடு!

"அது நான் இல்ல கண்ணு" என்றாள் அவசரமாக. "என் தங்கச்சி. நாங்க ரெட்டைப் பிறவி. அச்சு அசலா என்னை மாதிரியே இருப்பா."

வகுப்பு வாயைப் பிளந்தது. ஓநாயை அந்த நிமிஷமே எல்லோரும் மறந்துபோனார்கள்.

மதியம் தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார்.

"என்ன டீச்சர், உங்களுக்கு ரெட்டைத் தங்கச்சி இருக்காங்களாமே! ஒரு வார்த்தை சொன்னதில்லையே?"

"சொல்ற சந்தர்ப்பம் வரல மேடம்."

"ரெண்டாம் வகுப்பு டீச்சர் பிரசவ லீவுல போறாங்க. ஆள் கிடைக்காம அல்லாடுறேன். உங்க தங்கச்சியும் படிச்சிருப்பாங்கதானே, நாளைக்கு வரச் சொல்லுங்களேன்."

"அவளால வர முடியாது மேடம். என்னைப் பார்த்துக்கத்தான் வந்தா. என் காய்ச்சல் அவளுக்கும் ஒட்டிக்கிச்சு. எழுந்திருக்கவே முடியல."

"அடப் பாவமே!" என்று தலைமையாசிரியை உச்சுக்கொட்டினார். அந்த உச்சுக்கொட்டல் நிஜமாக இருந்ததுதான் டீச்சருக்கு என்னவோ போலிருந்தது.

மறுநாள் காலையில் அவள் மேஜைமேல் காகிதங்கள் குவிந்திருந்தன. ஒவ்வொன்றிலும் பூ, சூரியன், படுக்கையில் ஒரு குச்சிப் பொம்மை. கீழே கோணல்மாணலாக எழுத்துகள்.

"இதெல்லாம் என்ன?"

"சித்திக்கு!" என்றாள் கிளி. டீச்சரின் தங்கை வேறு யாராக இருக்க முடியும்? "சித்திக்குக் காய்ச்சல்னு பெரிய டீச்சர் சொன்னாங்க. நாங்களே எழுதினோம் டீச்சர். யாரும் சொல்லித் தரல."

'சித்தி காச்சல் போகனும்' என்று எழுதியிருந்தான், வருஷம் முழுக்க 'ச'வைத் திருப்பிப் போட்டே எழுதிக்கொண்டிருந்தவன். பென்சிலையே பிடிக்க மாட்டேன் என்றவள் 'சித்தி மருந்து குடி' என்று அதட்டியிருந்தாள். ஓநாயும் நரியும் சேர்ந்து செய்ய முடியாததை, இல்லாத தங்கை ஒரே நாளில் செய்திருந்தாள். இப்படி ஒரு காலைக்காகத்தான் அவள் வருஷமெல்லாம் தொண்டை வறளக் கத்தினாள். அது வந்தபோது காகிதங்களைப் பார்க்க முடியாமல் கண் கூசியது.

"டீச்சர் அழறாங்க. சித்திக்கு ரொம்ப முடியல போல" என்று கடைசி வரிசையில் யாரோ கிசுகிசுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து கணவனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் கடிகாரம் பழுதுபார்ப்பவன். கண்ணில் வைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுக்காமலே கேட்டான்.

"எனக்கு ஒரு மச்சினி இருக்கா. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல எனக்கே இப்பதான் தெரியுது. ஆமா, சினிமாவுக்கு என்னை ஏன் கூப்பிடல?"

"இப்ப அதுவா முக்கியம்?"

வாசலில் மணி அடித்தது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தவளுக்கு உயிரே போய்விட்டது. கையில் ஆரஞ்சுப் பழப் பையோடு தலைமையாசிரியை.

"என்னங்க, நான் மருந்துக்கடைக்குப் போயிருக்கேன்னு சொல்லுங்க!"

"நீ இங்கேதானே இருக்கே?"

"நான் இப்ப தங்கச்சி!" என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் பாய்ந்து, கம்பளியை மூக்குவரை இழுத்துக்கொண்டாள்.

அனுப்பிவிடலாம் என்றுதான் கணவன் வாசலிலேயே நின்றான். தலைமையாசிரியை அவனை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து, கட்டிலருகே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"அப்படியே அக்கா ஜாடை!" என்று வியந்தார். நெற்றியில் கை வைத்தார். கம்பளிக்குள் வெந்துகொண்டிருந்த நெற்றி சுடத்தான் செய்தது. "அனலா கொதிக்குதே! உங்க அக்கா வர்ற வரைக்கும் நான் கூட இருக்கேன்மா."

எப்படி வருவாள் அக்கா? கணவன் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், மருந்துக்கடையில் கூட்டம் என்றான். தலைமையாசிரியை ஆரஞ்சை உரித்து, சுளை சுளையாக நோயாளிக்கு ஊட்டத் தொடங்கினார். ஊட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்:

"உங்க அக்காவைப் பத்தி உங்ககிட்ட சொல்லணும்மா. என்கிட்ட எத்தனையோ பேர் லீவு கேட்பாங்க. பாட்டி செத்துட்டாங்கன்னு ஒருத்தரே நாலு தடவை கேட்டிருக்காங்க. உங்க அக்கா காய்ச்சல்னு சொன்னா, அது காய்ச்சல்தான். அவங்க சொன்னா நான் மறுபேச்சு பேசறதில்ல."

சுளை தொண்டையில் சிக்கியது. இந்தத் தடவை இருமல் தானாகவே வந்தது. கண்களில் நீர் முட்டியதைக் காய்ச்சல் என்று எண்ணி, தலைமையாசிரியை தன் முந்தானையால் துடைத்துவிட்டார்.

அப்போதே எழுந்து உட்கார்ந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். வெட்கம் அவளைக் கட்டிலோடு அழுத்திப் பிடித்திருந்தது. இருட்டிய பிறகு, "நான் வந்துட்டுப் போனேன்னு அக்காகிட்ட சொல்லிடுங்க" என்று கிளம்பினார் தலைமையாசிரியை.

"நாளைக்குச் சொல்லிடு" என்றான் கணவன். அவன் குரலில் கேலி இல்லை. "இன்னொரு தடவை அந்தம்மா வந்தா, என்னால அந்த முகத்தைப் பார்க்க முடியாது."

மறுநாள் டீச்சர் பாடம் எடுக்கவில்லை. மேஜைக்குப் பின்னால் நின்றால் ஒளிந்துகொண்ட மாதிரி இருக்கும் என்று முன்னால் வந்து நின்றாள். கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"எனக்குத் தங்கச்சி கிடையாது" என்றாள். "அன்னிக்கு எனக்குக் காய்ச்சலும் இல்ல. நான் சினிமாவுக்குப் போயிருந்தேன். உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். அந்தப் பையன் மாதிரி."

பிள்ளைகளின் பார்வை தன்னைத் தாண்டிப் போவதை உணர்ந்து திரும்பினாள். கதவருகே தலைமையாசிரியை நின்றுகொண்டிருந்தார். கையில் இன்னொரு பை ஆரஞ்சு.

"அப்ப நேத்து நான் பழம் ஊட்டினது..."

"எனக்குத்தான் மேடம்."

தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்ததையே மறுபடி மறுபடி துடைத்தார். அவர் திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது. டீச்சர் தன் செருப்பு நுனியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப சித்தி செத்துட்டாங்களா?" என்று 'ச'வைத் திருப்பிப் போடுகிறவன் விசும்பத் தொடங்கினான். பின்னாலிருந்து இன்னும் இரண்டு விசும்பல்கள் சேர்ந்துகொண்டன.

கிளி மெல்ல எழுந்து நின்றாள். அவள் முகமும் தொங்கிப்போயிருந்தது.

"டீச்சர், நானும் ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு நான் உங்களைப் பார்க்கவே இல்ல. அந்தப் பையன் மாதிரி சும்மா சொல்லிப் பார்த்தேன்."