ஒருவர் வீட்டுக்கும் போகாத விடுமுறை

எங்கள் ஆட்களுக்கு விடுமுறை என்றால் அடுத்தவர் வீட்டு ஹோலில் மெத்தை விரித்துப் படுப்பது. பாரிஸுக்குப் போனோம். கோபுரத்தைக் கார்க் கண்ணாடிக்குள்ளால் பார்த்துவிட்டு மிச்ச நாளெல்லாம் மாமி வீட்டில் இடியப்பம் சாப்பிட்டோம். ரொறன்ரோவுக்குப் போனோம். நயாகராவைப் பார்த்தது அரை மணித்தியாலம், சித்தப்பா வீட்டு பேஸ்மென்டைப் பார்த்தது இரண்டு கிழமை, பதினான்கு நாள். ஜேர்மனியில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், மூன்று கலியாணமும், ஒரு பிள்ளை பெரியபிள்ளையானதற்கு வைத்த சாமத்திய வீடும் என்றுதான் சொல்லவேண்டும்.

இதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. போன இடத்தில் கதிரையில் சாய்ந்திருந்து அரசியல் கதைப்பேன். என் மனைவி சுகந்திதான் போன இடமெல்லாம் குசினிக்குள் நின்று வெங்காயம் உரிப்பாள். விருந்தாளியாகப் போனவள் எப்படிக் குசினிக்குள் போய்ச் சேருகிறாள் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. (யோசித்திருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது.)

சுகந்தி ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாள். ஒருநாள் ஷிப்ட் முடிந்து கோலியர்ஸ் வுட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தவள், சப்பாத்தைக் கழற்றாமலே சோபாவில் இருந்தாள்.

“இஞ்சருங்கோ, ஓகஸ்ட்டில எனக்கு ஒரு கிழமை லீவு தந்திருக்கினம். இந்தமுறை ஒருத்தற்ற வீட்டையும் போகாத ஹொலிடே ஒண்டு வேணும். ஒரு ஏரிக்கரை, ஒரு தேத்தண்ணி. அவ்வளவுதான். ஒருத்தரும் என்னை ‘சுகந்தி, இதைக் கொஞ்சம் பார்’ எண்டு கூப்பிடக்கூடாது.”

“நானுமோ?”

“உங்களைத்தான் முதல் சொல்லுறன்.”

மோட்டர்ஹோம் யோசனை என்னுடையது. கட்டில், அடுப்பு, பிரிட்ஜ், கழிவறை எல்லாம் உள்ளே வைத்துக் கட்டிய பெரிய வான் அது, வாடகைக்கு எடுக்கலாம். ஒருவர் வீட்டுக்கும் போகாமல் இருக்க ஒரே வழி சொந்த வீட்டையே ஓட்டிக்கொண்டு போவதுதான் என்று கணக்குப் போட்டேன். லேக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்கா என்று இடத்தையும் முடிவு செய்தேன். மலை இருக்கிறது, ஏரி இருக்கிறது, முக்கியமாக எங்கள் சொந்தக்காரர் ஒருவரும் அங்கே இல்லை. சுகந்தி என்னைப் பார்த்த பார்வையில் பல வருடங்களுக்குப் பிறகு கொஞ்சம் மதிப்புத் தெரிந்தது.

அதற்குப் பிறகு நடந்த எதுவும் எனக்குச் சரியாக விளங்கவில்லை. வான் வாடகைக்கு விடும் பெண் தொலைபேசியில் விளக்கினாள். குடிதண்ணீருக்கு ஒரு தாங்கி, பாத்திரம் கழுவிய தண்ணீருக்கு இன்னொரு தாங்கி, கழிவறைக்கு இழுத்து எடுக்கும் ஒரு பெட்டி. எதை எங்கே நிரப்புவது, எதை எங்கே ஊற்றுவது என்று அவள் சொல்லச் சொல்ல நான் “யெஸ், யெஸ்” என்றேன். (விளங்காத இடத்தில்தான் நான் அதிகமாக யெஸ் சொல்வேன். விளங்கினால் கேள்வி கேட்பேன்.)

வானை நிறுத்தும் காம்ப்சைட்டை இணையத்தில் பதிவு செய்வது இன்னும் மோசம். புல்தரையா, கல் போட்ட தரையா? மின்சார இணைப்பு வேண்டுமா? வண்டியின் நீளம் என்ன? அதில் பின்னால் தொங்கும் சைக்கிளும் சேர்த்தியா? வாசலில் பந்தல் விரிப்பீர்களா? நாய் உண்டா? நான் பந்தலுக்கும் ஓம் போட்டேன், கை தவறி நாய்க்கும் ஓம் போட்டேன். போட்ட நாயை எப்படி எடுப்பது என்று தெரியவில்லை. அதற்குள் கண்ணுக்கு முன்னாலேயே இடங்கள் ஒவ்வொன்றாக நிரம்பிக்கொண்டிருந்தன. கடைசியில் முழுப் பூங்காவிலும் எனக்குக் கிடைத்தது ஏரி தெரியும் ஒரேயொரு திடல்.

மகள் ஆரணி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் பதினேழு வயது. “அப்பா, இட்ஸ் எ குரூப் ஃபீல்ட். முப்பது பேருக்கு. வீ ஆர் த்ரீ.”

“அப்ப இன்னும் நல்லதுதானே. பக்கத்தில ஒருத்தரும் வரமாட்டினம்,” என்று சொல்லிக் காசைக் கட்டினேன்.

அதோடு நின்றிருக்கலாம். அந்தக் கழிவறைப் பெட்டிதான் என்னை நித்திரை கொள்ள விடவில்லை. எங்கள் குடும்பத்தில் இப்படி ஒரு வானை வாடகைக்கு எடுத்து ஓட்டிய ஒரே ஆள், பேர்மிங்ஹாமில் இருக்கும் என் பெரியம்மாவின் மகன் ரவி அண்ணை. பெட்டியைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு வைப்பது என்று நினைத்துத்தான் தொலைபேசியில் அழைத்தேன். அவர் பெட்டியை நன்றாக விளக்கினார். எனக்குத்தான் நன்றி சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைக்கத் தெரியவில்லை. முப்பது பேருக்கான முழுத் திடலும் எங்களுக்கு மட்டும்தான் என்று பெருமையில் கொஞ்சம் புளுகினேன். புளுகிய பிறகு சும்மா இருப்பது மரியாதை இல்லையே.

“நீங்களும் வாங்கோவன் அண்ணை,” என்றேன்.

எங்கள் பேச்சில் இது அழைப்பு அல்ல. சாப்பாட்டுக் கோப்பையோடு இருக்கும்போது யாராவது வந்தால் “வாங்கோவன் சாப்பிட” என்போம். வந்தவர் “இப்பதான் சாப்பிட்டனான்” என்பார். அவர் பட்டினியாக இருந்தாலும் அதைத்தான் சொல்லவேண்டும். எனக்கு என் வசனம் தெரியும். ரவி அண்ணை தன் வசனத்தைச் சொல்லுவார் என்று காத்திருந்தேன்.

“ஓம் தம்பி, வாறம்,” என்றார் அவர். “பவானி! லேக் டிஸ்ட்ரிக்ட் போறமாம்! அப்பிடியே கொவென்றியில இருக்கிற எங்கட சொந்தக்காரப் பெடியளுக்கும் சொல்லிவிடு, முப்பது பேருக்கு இடம் கிடக்காம்!”

இதற்கு மறுவசனம் என்னவென்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அன்று பின்னேரமே வாட்ஸப்பில் ஒரு குழு முளைத்தது. என்னை அட்மின் ஆக்கியிருந்தார்கள்.

சுகந்திக்கு நான் சொல்லவில்லை. சொன்னால் பயணத்தையே நிறுத்திவிடுவாள் என்று பயந்தேன். எப்படியும் ஒவ்வொருவராகக் கழன்றுவிடுவார்கள் என்று ஒரு நம்பிக்கையும் இருந்தது. கழற்றுவதற்கு நானும் பாடுபட்டேன். மழை எச்சரிக்கைகளைத் தேடிக் குழுவில் போட்டேன். ரவி அண்ணை மழைக்கு மேலே கட்டத் தறப்பாள் வாங்கிவிட்டதாகப் பதில் போட்டார். குளிர் என்றேன். பவானி அண்ணி கம்பளிகளைப் படம் எடுத்துப் போட்டார். நான் எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு சாமான் வாங்கினார்கள். சுகந்தியோ பிளாஸ்க்கையும் ஒரு மடிப்புக் கதிரையையும் எடுத்து வைத்துவிட்டு, நாள் முழுக்கச் சிரித்த முகத்தோடு நடமாடினாள். அந்த முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் நான் குழுவில் இன்னொரு மழை எச்சரிக்கையைப் போட்டேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில். காம்ப்சைட் பொறுப்பாளர் வாசலில் நின்று கடதாசியைப் பார்த்து, உங்கள் நாய் எங்கே என்று கேட்டார். பதற்றத்தில் “பின்னால் வருகிறது” என்றேன். திடலில் வானை நிறுத்தினேன். கீழே ஏரி பளபளவென்று கிடந்தது. சுகந்தி கதிரையை விரித்து, தேத்தண்ணியை ஊற்றி, கோப்பையை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

அப்போது வாசல் பக்கத்தில் கோர்ன் சத்தம் கேட்டது. ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து கார்கள். முதல் காரின் கண்ணாடிக்குள்ளால் பாதி உடம்பை வெளியே விட்டபடி ரவி அண்ணை கத்தினார்.

“சுகந்தீ!”

அவள் குடிக்காமல் கோப்பையைக் கீழே வைத்தாள். கூடாரங்கள் இறங்கின, இடியப்பத் தட்டுகள் இறங்கின, கோயில் அன்னதானத்துக்குக் காணும் அளவில் ஒரு கிடாரம் இறங்கியது. கூடாரத்தில் குசினி இல்லை. அந்தத் திடலில் வீடு என்று இருந்தது எங்கள் வான் ஒன்றுதான். பவானி அண்ணி ஒரு மூட்டையை வான் வாசலில் வைத்தார். “சுகந்தி, இது உன்ர வீடுதானே. வெங்காயத்தை நீ தொடங்கு, நான் உடுப்பை மாத்திக்கொண்டு வாறன்.”

ஒருவர் வீட்டுக்கும் போகாத விடுமுறை என்று கேட்டவளுக்கு நான் அதை அப்படியே வாங்கிக் கொடுத்திருந்தேன். எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள்.

“இவையளுக்கு ஆர் சொன்னது?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“நான் சும்மா ஒரு மரியாதைக்கு...”

“அந்த மரியாதையில கொஞ்சம் எனக்குத் தந்திருக்கலாமே.”

அவ்வளவுதான் சொன்னாள். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நானும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். இரண்டாவது வெங்காயத்தில் விரலை வெட்டிக்கொண்டேன். என்னை அப்பால் போகச் சொன்னார்கள். அன்று ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவள் உரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தபோதுதான், இத்தனை வருடமும் பாரிஸிலும் ரொறன்ரோவிலும் அவள் பார்த்தது இதைத்தான் என்று எனக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை நாங்கள் ஆண்கள் எல்லோரும் அடுப்பைச் சுற்றி நின்று ரொட்டிக்கு ஆலோசனை வழங்கிக்கொண்டிருந்தோம். பின்னால் இயந்திரச் சத்தம். திரும்பினால் எங்கள் வான் திடலைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. மின்சார வயர் கழற்றி அழகாகச் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. முழு வழியும் கையெல்லாம் வேர்க்க நான் ஓட்டிவந்த வானைச் சுகந்தி ஒரு கையால் திருப்பினாள். பக்கத்து இருக்கையிலிருந்து ஆரணி கை காட்டினாள். நான் கொஞ்சத் தூரம் ஓடிப் பார்த்தேன்.

“சுகந்தி எங்க போறா?” என்று கேட்டார்கள்.

பவானி அண்ணி சுற்றிமுற்றிப் பார்த்தார். “அது கிடக்கட்டும். எங்கட இவர் எங்க?”

ரவி அண்ணை வானின் கழிவறைக்குள் இருந்தார்.

நெடுநேரம் கழித்து அவர் திரும்பி வந்தார். இடுப்பில் கட்டிய சாரம், பெனியன், கையில் பற்தூரிகை. முதுகில் பைகளோடு மலையேறப் போன வெள்ளைக்காரர்கள் எல்லோரும் அவருக்கு மரியாதையாகக் காலை வணக்கம் சொல்லிக்கொண்டு போனார்கள்.

“கதவுக்கு அடிச்சன் தம்பி. கத்தினன். அவள் ரேடியோச் சத்தத்தைக் கூட்டிப்போட்டாள்,” என்றார். “பிறகு ஒரு வளைவில நிப்பாட்டி, ‘இறங்குங்கோ அண்ணை, ரொட்டி ஆறப்போகுது’ எண்டாள். நானும் இறங்கிட்டன்.”

பொழுதுபடத்தான் வான் திரும்பி வந்தது. சுகந்தியின் மூக்கில் வெயில் பட்டுச் சிவந்திருந்தது. அன்றைய இரவுச் சமையலைக் கொவென்றிப் பெடியள் செய்திருந்தார்கள், புளி கூடிப்போய்விட்டது. அடுத்த நாளும் அவள் சாவியை எடுத்தாள். அதன் பிறகு எங்கள் குடும்பத்தில் யார் எந்த வண்டியை எடுத்தாலும், “ரவி அண்ணை உள்ளுக்கில்லையே?” என்று கேட்டுவிட்டுத்தான் கிளப்புவார்கள். கலியாணக் காரைக்கூட அப்படித்தான் அனுப்பினோம்.

அடுத்த ஓகஸ்ட்டில் தாயும் மகளும் அதே ஏரிக்குப் போனார்கள். என்னைக் கேட்கவில்லை. போன வருடம்தான் மனம் இரங்கி என்னையும் ஏற்றினார்கள். கரையில் மூன்று கதிரைகள். முழுக் காலையும் நான் வாய் திறக்கவில்லை. அப்போது பார்த்துத் தூரத்தில் ஒரு குடும்பம் வந்தது. சாப்பாட்டு வாளி ஒன்றே சொல்லிவிட்டது, எங்கள் ஆட்கள்தான். அந்த மனிதர் என்னைக் கண்டு முகம் மலர்ந்து நேரே வந்தார்.

“அண்ணை, நீங்கள் தமிழோ?”

ஊரில எவடம் என்ற கேள்வி என் நாக்கு நுனியில் வந்து நின்றது. சுகந்தி தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நோ,” என்றேன். “ஸொரி.”

அவர் திரும்பிப் போய்த் தன் மனைவியிடம் உரத்துச் சொன்னார். “இல்லையாம். ஆனா முகவெட்டு அச்சொட்டாச் சாவகச்சேரி.”

நான் பிறந்து வளர்ந்தது சாவகச்சேரிதான். இவ்வளவு சரியாக என்னை யாரும் கண்டுபிடித்ததில்லை. சுகந்தி தேத்தண்ணியை மடியில் சிந்திச் சிந்திச் சிரித்தாள். இப்போதெல்லாம் சொந்தக்காரர்கள் வீட்டுத் தொலைபேசிக்கு அழைத்து “அப்பா நிக்கிறாரோ?” என்று கேட்டால், ஆரணி என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, “இல்லை, சாவகச்சேரி முகவெட்டில ஒராள் நிக்கிறார். குடுக்கட்டோ?” என்கிறாள்.