மூக்கின் கூரை

உங்கள் மூக்குக்கும் மூளைக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது, தெரியுமா?

யோகேஸ்வரனுக்குத் தெரிந்தாக வேண்டும். ராமநாதபுரத்தில் மூக்கு ஆபரேஷன் படிக்கிற டாக்டர் அவன். நடுவில் இருப்பது முட்டை ஓடு மாதிரி ஓர் எலும்புதான். அது எத்தனை பள்ளமாகத் தொங்குகிறது என்று ஸ்கேன் படத்தைப் பார்த்து ஒன்று, இரண்டு, மூன்று என எண் போட வேண்டும். மூன்று என்றால், கை கொஞ்சம் தவறினாலும் கருவி மூளைக்குள் போய்விடும்.

பெரிய டாக்டர் உமையாள் அவனுக்கும் கூடப் படிக்கும் வசீமுக்கும் பெயரில்லாத ஒரே இருபது படங்களை ஆளுக்கொரு கவரில் கொடுத்துவிட்டு, யோகேஸ்வரனிடம் சொன்னார்.

"ரெண்டு பேரு நம்பரும் ஒத்துப்போனா, நாளைக்குக் காலையில சந்தியாகுக்கு ஆபரேஷன நீ பண்ணு. அவரு படமும் உள்ள இருக்கு. இல்லைன்னா பஞ்சு எடுத்துக் குடு, போதும்."

வார்டில் படுத்திருந்த சந்தியாகு ராமேஸ்வரத்து மீனவர். யோகேஸ்வரன் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "தம்பி, நான் ஈயத்தக் கட்டிக் கயித்த எறக்குனா கடல் ஆழத்தச் சொல்லிருவேன். நீங்க மெசின்ல பாத்துமா முழிக்கிறீக?"

யோகேஸ்வரன் கவரை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினான்.

அறைக்குப் போய் முதல் படத்தைப் பார்த்தான். ஒன்று. டீ குடித்துவிட்டுப் பார்த்தான். மூன்று. முகம் கழுவிவிட்டுப் பார்த்தான். இரண்டு.

ஏர்வாடியில் வீட்டுக்குப் போயிருந்த வசீமுக்குப் போன் போட்டான்.

"ஏலே, மொதப் படம் என்ன போட்ட?"

"ஒன்னு. நீ?"

"ரெண்டுல்ல போட்டேன்!"

"யா அல்லா!"

இருபதையும் ஒப்பிட்டார்கள். ஐந்துதான் ஒத்துப்போனது. போனை வைத்ததும் யோகேஸ்வரன் பயத்தில் எல்லாவற்றையும் வசீம் சொன்னபடி மாற்றினான்.

அரைமணியில் வசீம் கூப்பிட்டான். "பயப்படாத மாப்ள. ஒன் நம்பரையே நானும் போட்டுட்டேன்."

"கெடுத்தியேடா! நான் ஒன்னோடதப் போட்டுட்டேனே!"

கடைசியில் ஒவ்வொரு படமாகப் பேசி முடித்தார்கள்.

"ஏழாவது மூணுலே."

"நல்லா உத்துப் பாரு. ரெண்டு."

யோகேஸ்வரன் உற்றுப் பார்த்தான். "ஆமாலே, ரெண்டுதான்!"

சொன்னபடியெல்லாம் எலும்பு ஏறியது, இறங்கியது.

மறுநாள் காலை ஏழரைக்கு உமையாள் அவர்கள் எண் போட்ட இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இருபதுக்கு இருபது. பஞ்சுத் தட்டை யோகேஸ்வரன் பக்கம் நகர்த்தினார்.

"ஏன் மேடம்? எல்லாம் ஒன்னாத்தான இருக்கு?"

உமையாளுக்குக் கையுறை கொண்டுவந்த ஆயா சோணையம்மாள்தான் பதில் சொன்னாள்.

"அதெப்படிய்யா ஒன்னா இருக்கும்? அம்மா சொல்லி, ரெண்டு கவர்லயும் வரிசைய மாத்தி அடுக்குனதே நாந்தான. ஒங்க மொதப் படம் வசீம் தம்பிக்குப் பதினாலாவதுல்ல!"