இரண்டு மொட்டைகளும் ஓர் ஆராய்ச்சி இடமும்

சர்க்கார் நடைமுறை எல்லாம் எனக்கு அத்துப்படி என்று, ஓய்வு பெற்ற பிறகும் தெருவே என்னிடம்தான் மனு எழுத வருகிறது. எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்பதிலேயே ஒருமுறை கோட்டை விட்டவன் நான் என்று அவர்களிடம் சொன்னதில்லை.

எல்லை பிரித்து, எங்கள் வரதய்யபாளையம் சென்னை ராஜ்யத்திலிருந்து ஆந்திராவுக்கு வந்து சேர்ந்த சமயம். திருப்பதியில் பல்கலைக்கழகச் சரித்திரத் துறையில், உதவித்தொகையோடு ஒரே ஓர் ஆராய்ச்சி இடம் காலி. எம்.ஏ. முடித்துவிட்டுச் சும்மா இருந்த நான் விண்ணப்பித்தேன். கிடைக்காவிட்டால் வடமாலபேட்டையில் மாமாவின் அரிசி மில்லில் தவிடு அள்ள வேண்டும் என்பது நைனாவின் தீர்ப்பு.

நேர்முகத் தேர்வுக்கு முன்பு நானும் நைனாவும் மலைக்குப் போனோம். இடம் கிடைத்தபிறகு மொட்டை போடுவதுதான் உலக வழக்கம். நைனாவின் கணக்கு வேறு.

"முன்னாலயே குட்த்துட்டா சாமியால மாட்டேன்னு சொல்ல முடியாது பாரு."

(எம்.ஏ. படித்த எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.)

இரண்டு மொட்டைகளும் சந்தனம் பூசிக்கொண்டு பல்கலைக்கழகம் போய்ச் சேர்ந்தன. வாசலில் குமாஸ்தா என் விண்ணப்பத்தைப் புரட்டினார். அதில் ஒட்டியிருந்த போட்டோவில் என் முடி, காக்கை கூடு கட்டத் தோதாக இருந்தது.

"இதி நுவ்வு காதய்யா," இது நீ இல்லை என்றார் தெலுங்கில். பிறகு தமிழில், "எவனுக்குப் பதிலா வந்துகீற?"

"நான்தான் சார். மலைக்குப் போய்க்கினு வந்தேன்."

"அப்ப போட்டோவுல கையெழுத்துப் போட்ட தாசில்தார இட்டாந்து காட்டு."

அந்தத் தாசில்தார் எல்லை பிரித்த கையோடு சென்னை ராஜ்யத்துக்கே மாற்றலாகிப் போயிருந்தார். நான் விதிகளை எடுத்துச் சொன்னேன். குமாஸ்தா கொட்டாவி விட்டார். எனக்குத் தவிட்டு வாசனை அடிக்க ஆரம்பித்துவிட்டது.

நைனா தலைத்துண்டை உருவினார். என் பிடரியை அழுத்தி, தன் தலைக்குப் பக்கத்தில் குனியவைத்தார். எங்கள் வம்சத்துக்கே உச்சந்தலையில் ஒட்டகத் திமில் மாதிரி ஒரு மேடு உண்டு. அதுவரை முடி என் மானத்தைக் காப்பாற்றி வந்தது.

"தடவிப் பாரு சார்! இந்த மண்டைய எவனாவது வாடகைக்கு எடுத்துக்கினு வருவானா?"

"சரி, நீ யாருன்னு எவன் சொல்றது?" என்றார் குமாஸ்தா. (நடைமுறைப்படி அதுவும் சரியான கேள்விதான்.)

சத்தம் கேட்டுப் பேராசிரியர் வெளியே வந்தார். இரண்டு திமில்களையும் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டார்.

"ரெண்டும் ஒரே அச்சுதான்யா. உள்ள அனுப்பு."

உள்ளே அவருடைய முதல் கேள்வி: "எல்லை பிரித்ததில் கிராமத்தானுக்கு என்ன கஷ்டம்? ஓர் உதாரணம் சொல்லும்."

"நான் ஆந்திராவில் இருக்கிறேன். எனக்குச் சாட்சி சொல்ல வேண்டியவர் சென்னைக்குப் போய்விட்டார். முடி மலைமேல் இருக்கிறது. நான்தான் நான் என்று நிரூபிக்க இந்த மேடு ஒன்றுதான் மிச்சம் சார்."

தேர்வுக் குழு மேஜையைத் தட்டிச் சிரித்தது. சாயங்காலம் இடம் எனக்கே என்று அறிவித்தார்கள். நைனா, சாமி சொன்ன வாக்கைக் காப்பாற்றிவிட்டார் என்றார். (சாமி எப்போது வாக்குக் கொடுத்தார் என்று நான் கேட்கவில்லை.)

ஆனால் குமாஸ்தா தோற்கிற ரகமில்லை. மறுநாளே மொட்டையோடு என்னைப் போட்டோ எடுக்கவைத்து அடையாள அட்டையில் ஒட்டினார். "தல மாறிச்சின்னா லைப்ரரிக்குள்ள வுட மாட்டேன்." சொன்னபடி செய்கிற மனிதர். ஆராய்ச்சி முடிகிறவரை மாதாமாதம் மழித்தேன். நடுவில் கல்யாணமும் நடந்தது.

டாக்டர் பட்டம் சுவரில் மாட்டியிருக்கிறது, பக்கத்திலேயே கல்யாணப் போட்டோ. வீட்டுக்கு வருகிறவர்கள் இரண்டாவதைத்தான் உற்றுப் பார்க்கிறார்கள்.

"மாப்பிள்ளைக்கு இன்னா வேண்டுதலு?"

காபி கொண்டுவரும் என் மனைவி, கேள்வி முடிவதற்குள் சொல்லிவிடுவாள்:

"வேண்டுதல் ஒண்ணும் இல்ல. லைப்ரரில புஸ்தகம் எடுக்கணுமே!"