பூங்காவனம் கண்டுபிடித்த காப்பிச் செடி

ஒரு காட்டில், காப்பிப் பழம் தின்றே பிழைக்கும் மரநாய்கள் இருந்தன. அவற்றில் பூங்காவனம் என்ற மரநாய் மட்டும், தின்பதை விட்டுவிட்டுத் தின்பதைப் பற்றிப் படிக்கப் போனது. முனைவர் பட்டம் வாங்கியது. வேலை கிடைக்கவில்லை. ஆகவே, முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வில் சேர்ந்தது. "இப்போ என்ன பண்றே?" என்று யாராவது கேட்டால், "இன்னும் படிக்கிறேன்" என்று முனகிவிட்டு மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

அந்தச் சமயம் காட்டுக் காப்பிச் செடிகளுக்கு இலைத்துரு நோய் வந்தது. இலைகள் மஞ்சள் புள்ளி விழுந்து உதிர்ந்தன. செடிகளின் மரபணுக்கள் எவ்வளவு வேறுபடுகின்றன, நோயைத் தாங்கும் செடி ஏதாவது உண்டா என்று பார்ப்பதுதான் பூங்காவனத்தின் ஆய்வு.

முந்நூற்றுப் பன்னிரண்டு செடிகள். ஒவ்வொன்றிலும் இலை பறிக்க ஒரு படிவம். குமாஸ்தா உடும்பு கண்ணாடியை ஏற்றிவிட்டு, "செடியோட தகப்பன் பேரு எழுதலையே?" என்று கேட்கும்.

"அதைக் கண்டுபிடிக்கத்தாங்க இந்த ஆராய்ச்சி."

"கண்டுபிடிச்சு எழுதிட்டு வாங்க. ஆராய்ச்சிக்கு அனுமதி தரேன்."

இப்படியே மூன்று வருடம் போயிற்று. கடைசியில் முடிவு வந்தது. முந்நூற்றுப் பதினோரு செடிகளும் ஒரே அச்சு. ஓடைக்கரைப் பாறையிடுக்கில் நின்ற ஒரு செடி மட்டும் வேறு. அதன் இலையில் ஒரு புள்ளிகூட இல்லை. பூங்காவனம் அதன் முன்னால் உட்கார்ந்து அழுதேவிட்டது.

அதில் ஏழு பழங்கள் பழுத்திருந்தன. தம்பி மாயாண்டி எச்சில் விழுங்கியது. "அக்கா, நான் தின்னுட்டு நாலு இடத்துல வெளிக்குப் போயிட்டு வரேன். மழைக்கு முளைச்சிடும். நம்ம ஆளுங்க இப்படித்தானே காடு வளர்த்தாங்க?"

"ஆய்வாளரோட தம்பியே ஆய்வு மாதிரியைத் தின்னா கட்டுரையை எவன்டா ஏத்துப்பான்?" என்று அதட்டி, ஏழு பழங்களையும் அரைப்பதற்குச் சோதனைக்கூடம் அனுப்பியது பூங்காவனம்.

கட்டுரையை மதிப்பிட்ட ஆந்தை, "இன்னும் இருபது இலை வேண்டும்" என்றது. பூங்காவனம் பறித்தது. நரி, "பட்டை எங்கே?" என்றது. உரித்தது. பெயர் சொல்லாத மூன்றாவது மதிப்பீட்டாளர், "வேர் இல்லாததால் ஆய்வில் ஆழம் இல்லை" என்று எழுதியிருந்தார். பூங்காவனம் ஒரு பகல் முழுக்கச் செடியின் முன்னால் நின்றது. வெள்ளிக்கிழமையோடு தன் ஆய்வுப் பதவிக்காலம் முடிகிறது. தோண்டியது.

கட்டுரை வெளியானது. செடி செத்தது. அந்த மழைக்காலத்தில் மற்ற செடிகளும் துரு நோய்க்குப் பலியாயின.

பேராசிரியர் யானைக்குத் தலைகால் புரியவில்லை. "பிரமாதம்மா! இப்போ அது அழிந்துபோன அரிய வகை! ஏன் அழிஞ்சதுன்னு ஆராய உனக்கு அஞ்சு வருஷம் நீட்டிப்பு!"

"ஏன்னு எனக்குத் தெரியும் ஐயா."

"முடிவை முதல்ல சொல்லக் கூடாது. கருதுகோள் எழுது."

பாராட்டு விழா வைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். பூங்காவனம் மைக்கைப் பிடித்து உண்மையைச் சொன்னது: "அந்தச் செடியோட மரபணுவுல ஒவ்வொரு எழுத்தும் எனக்கு மனப்பாடம். அதுக்கு ஒரு நாள்கூட நான் தண்ணி ஊத்தினதில்லை."

என்ன அடக்கம் என்று எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு எல்லாருக்கும் டீ கொடுத்தார்கள்.

நீதி: அரிய செடியைக் காப்பாற்றினால் ஒரு கட்டுரையோடு சரி; அழித்துவிட்டால் ஐந்து வருடம் எழுதலாம்.